பிழைத்தால் மட்டும் போதுமா?

1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் பதித்தார் என்று நாம் எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்கு ஏழரை ஆண்டுகளுக்கு முன் அவருடைய வீட்டில் நடந்ததைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. 1961-இல் அவருடைய சின்னஞ்சிறு மகள் கேரனுக்கு மூளைத்தண்டில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். கொஞ்ச காலம் தேறினாள், மறுபடியும் தளர்ந்தாள். மூன்று வயது நிரம்பும் முன்பே, 1962 ஜனவரி 28 அன்று இறந்துபோனாள். நிலவுக்குப் போய்வரத் தெரிந்துகொண்ட மனிதகுலத்துக்கு, ஒரு குழந்தையின் தலைக்குள் இருந்த சிறு கட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தக் குழந்தை இறந்து சரியாக ஒரு வாரம் கழித்து, 1962 பிப்ரவரி 4 அன்று, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், பிழைப்புக்கு வழி தெரியாமல் தவித்த நாள்களில் புனித யூதா ததேயுவிடம் வேண்டிக்கொண்டவர். வழி பிறந்தால் உமக்கொரு திருத்தலம் எழுப்புவேன் என்று நேர்ந்துகொண்டவர். அந்த நேர்ச்சைதான் புனித யூதா குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையாக எழுந்தது. சிகிச்சைக்காக எந்தக் குடும்பத்திடமும் அங்கே கட்டணம் வாங்குவதில்லை. அன்று முதல் இன்றுவரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. குழந்தைகளின் மூளைக் கட்டிகளைப் பொறுத்தவரை இந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவ உலகம் என்ன கற்றுக்கொண்டது? அதில் நமக்கு என்ன இருக்கிறது? இதையே இன்று கொஞ்சம் நிதானமாகச் சிந்திப்போம்.

ஒரு தாயின் கேள்வி

பங்குப் பணியில் வீடு சந்திக்கப் போகும்போது சில கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருப்பதில்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. ஆறு வயதில் சிறுமூளையில் கட்டி. அறுவை சிகிச்சை, அதன்பின் ஆறு வாரம் கதிர்வீச்சு, அதன்பின் ஓராண்டு கீமோ. எல்லாம் முடிந்து, கட்டி இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பங்கு முழுவதும் சேர்ந்து நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். சில ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் நம்மிடம் சொன்னது இது: "சாமி, கரண்டு வச்சு, ஊசி போட்டு, எப்படியோ புள்ள உயிரோட கெடச்சா போதும்னு கும்பிட்டோம். கெடச்சிட்டா. இப்ப பள்ளிக்கூடத்துல மக்குன்னு சொல்றாங்க. கூப்பிட்டா காதுல விழ மாட்டேங்குது. தங்கச்சிக்காரி இவளவிட உயரமா வளந்துட்டா. பொழச்சவளுக்கு ஏன் சாமி இப்படி?"

அந்தத் தாய் நன்றி மறந்து பேசவில்லை. மருத்துவர்களைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத்தான் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாக உலகின் சிறந்த ஆய்வாளர்கள் பலரும் தங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை பிழைத்தால் மட்டும் போதுமா? பிழைத்த குழந்தை படிக்க வேண்டும், ஓட வேண்டும், கேட்க வேண்டும், வளர வேண்டும், ஒரு நாள் தன் காலில் நிற்க வேண்டும் அல்லவா?

மருந்தே காயமாகும்போது

அந்தச் சிறுமிக்கு வந்த நோயின் பெயர் மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக் கட்டிகளில் அடிக்கடி காணப்படுவது இது. தலையின் பின்புறம், நம் நடையையும் சமநிலையையும் காக்கும் சிறுமூளையில் வளரும். மூளையைச் சுற்றி ஓடும் நீரின் வழியை அடைத்துவிடும். அதனால் தலைக்குள் அழுத்தம் கூடி, காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் வரும். 1925-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி இருவரும் இந்நோயை முதன்முதலாகப் பெயரிட்டு விவரித்தார்கள். அக்காலத்தில் அறுவை சிகிச்சை செய்தாலும் கட்டி திரும்பி வந்தது. இதன் செல்கள் அந்த நீரோடு கலந்து முதுகுத்தண்டுவரை போய் ஒளிந்துகொள்வதே காரணம்.

1953-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எடித் பேட்டர்சன் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு வழி காட்டினார்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமல்லாமல் மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு தர வேண்டும் என்றார்கள். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். அதே கதிர்தான் காயத்தையும் உண்டாக்கியது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் நரம்பிழைகளை அது பாதித்தது. வளர்ச்சிச் சுரப்பி தளர்ந்தது. முதுகெலும்பு வளராமல் உயரம் நின்றது. குழந்தை எவ்வளவு சிறியதோ, பாதிப்பு அவ்வளவு பெரியது. பின்னர் கீமோவில் சேர்க்கப்பட்ட சிஸ்பிளாட்டின் என்ற மருந்து கேட்கும் திறனையும் குறைத்தது.

இங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் உண்மை உண்டு. இக்குழந்தைகள் பெரும்பாலும் ஏற்கெனவே கற்றதை இழப்பதில்லை. புதியதைக் கற்கும் வேகம்தான் குறைகிறது. ஒத்த வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு படி ஏறும்போது இவர்கள் அரைப் படி ஏறுகிறார்கள். அதனால்தான் சிகிச்சை முடிந்த உடனே தெரியாத இடைவெளி நான்கைந்து ஆண்டு கழித்துப் பெரிதாகத் தெரிகிறது. இதை மந்தம் என்றோ சோம்பல் என்றோ சொல்வது அறியாமை.

குறைத்துக் கொடுக்கும் துணிவு

ஆராய்ச்சி என்றாலே புதிய மருந்தைக் கண்டுபிடிப்பது என்று நாம் நினைக்கிறோம். மெடுல்லோபிளாஸ்டோமாவின் கதையில் பெரிய முன்னேற்றங்கள் சில, இருக்கும் மருந்தைக் குறைத்துக் கொடுத்ததால் கிடைத்தவை. கூடுதலாகக் கொடுக்கத் துணிவு வேண்டும். குறைத்துக் கொடுக்க அதைவிடத் துணிவு வேண்டும். குறைத்ததால் நோய் திரும்பினால், அந்தப் பழியை யார் சுமப்பது?

ஒரு காலத்தில் மூளை, தண்டுவடம் முழுவதற்கும் தரப்பட்ட அளவு 36 கிரே. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. நோய் பரவாத குழந்தைகளுக்கு இதை 23.4 கிரேயாகக் குறைத்து, கூடவே கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டு கழித்தும் ஐந்தில் நான்கு குழந்தைகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு கதிர்வீச்சு குறைந்தது. இது சாதாரணச் செய்தி அல்ல.

2005-இல் ஜெர்மனியிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட 43 குழந்தைகளுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சே கொடுக்காமல் கீமோ மட்டும் கொடுத்தார்கள். கட்டி முழுவதுமாக அகற்றப்பட்டு, நோய் பரவாமல் இருந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளைவிட இவர்களின் அறிவுத்திறனும் நன்றாக இருந்தது.

அப்படியானால் இன்னும் குறைக்கலாமே என்று தோன்றும். ஆய்வாளர்களுக்கும் தோன்றியது. வட அமெரிக்காவை மையமாகக் கொண்ட குழந்தைகள் புற்றுநோய்க் குழு, மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு 23.4 கிரேயை 18 கிரேயாகக் குறைத்துப் பார்த்தது. 2021-இல் முடிவு வெளியானது. ஐந்தாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வழக்கமான அளவில் நூற்றுக்கு 83 பேர். குறைத்த அளவில் 71 பேர். குறைத்த அளவு பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் நன்றாகக் காக்கப்பட்டது உண்மை. ஆனால் பன்னிரண்டு குழந்தைகளுக்குக் கூடுதலாக நோய் திரும்பும் என்றால் அந்த விலையைக் கொடுக்க முடியாது. அதே ஆய்வில் இன்னொரு கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. இறுதியில் தரும் கூடுதல் கதிர்வீச்சைத் தலையின் பின்பகுதி முழுவதற்கும் தராமல், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் தந்தாலும் பலன் குறையவில்லை. ஒரு கதவு மூடியது, இன்னொரு கதவு திறந்தது.

நம் நாட்டிலும் இப்படியொரு முயற்சி நடந்தது. 2012-இல் உலக ஆய்வாளர்கள், மெடுல்லோபிளாஸ்டோமா என்பது ஒரே நோய் அல்ல, மரபணு அடிப்படையில் நான்கு வகை என்று ஏற்றுக்கொண்டார்கள். அவற்றுள் ஒரு வகை மிக நன்றாகக் குணமாகக் கூடியது. அந்த வகைக் குழந்தைகளுக்கு மூளை, தண்டுவடம் முழுவதற்குமான கதிர்வீச்சை விட்டுவிடலாமா என்று மும்பை டாடா நினைவு மையத்தின் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஏழு குழந்தைகள் சேர்க்கப்பட்ட நிலையில் மூவருக்கு நோய் வேறு இடங்களில் திரும்பியது. ஆய்வை உடனே நிறுத்தினார்கள். நோய் திரும்பிய குழந்தைகளுக்கு முழுச் சிகிச்சை தந்தார்கள். இந்த வழி சரியில்லை என்பதை 2022-இல் உலகுக்கு வெளிப்படையாக எழுதியும் விட்டார்கள்.

இதைத் தோல்வி என்று நாம் சொல்லலாமா? சொல்லக் கூடாது. தவறான வழியை ஏழு குழந்தைகளோடு நிறுத்தி, உலகம் முழுவதும் அதே தவறு நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு நிகழாமல் தடுத்தார்கள். தன் முயற்சி பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்வதும் அறம்தான். அரசியலிலும் பொதுவாழ்விலும், ஏன், நம் பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் இந்த நேர்மை எவ்வளவு அரிதாக இருக்கிறது!

கல்லறைச் செடியும் ஸ்டூடியோ உப்பும்

மருந்துகளின் பக்கம் வருவோம். நம் கல்லறைத் தோட்டங்களில் தானாகவே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியை எல்லாரும் பார்த்திருப்போம். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் 1960-களிலிருந்து குழந்தைகளின் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. மூளைக் கட்டிகளுக்கும் அது இன்றுவரை பயன்படுகிறது. இறந்தோர் மேல் பூக்கும் செடி, சாகக் கிடக்கும் குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறது!

இன்னொன்று சோடியம் தயோசல்ஃபேட். பெயர் புதிதாகத் தோன்றலாம். பழைய புகைப்பட ஸ்டூடியோக்களில் இருட்டறையில் படம் கழுவப் பயன்படுத்திய 'ஹைப்போ' உப்புதான் இது. சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து மருத்துவத் தரத்தில் தயாரித்த இதை ஏற்றினால் குழந்தையின் காது காக்கப்படுகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கேட்கும் திறன் குறைந்தவர்கள் நூற்றுக்கு 63 என்ற நிலையிலிருந்து 33-ஆகக் குறைந்தார்கள். 2022-இல் அமெரிக்காவில், உடலில் பரவாத கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு இதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆய்வு கல்லீரல் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெதுவாக வளரும் மூளைக் கட்டிகள் வேறொரு கூட்டம். இவற்றில் சிலவற்றுக்குப் பிராஃப் என்ற மரபணுவில் உண்டாகும் ஒரு மாற்றம் காரணமாக இருக்கிறது. அந்த மாற்றத்தையே குறிவைக்கும் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரு மருந்துகளை, வழக்கமான கீமோவோடு ஒப்பிட்டு 110 குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். கட்டி நன்கு சுருங்கியது, புதிய மருந்தில் நூற்றுக்கு 47 பேருக்கு; கீமோவில் 11 பேருக்கு மட்டுமே. கடுமையான பக்கவிளைவுகள் கீமோவில் 94 பேருக்கு. புதிய மருந்தில் 47 பேருக்கு. 2023-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. கூடுதல் பலனும் குறைந்த துன்பமும் ஒரே மருந்தில் சேர்ந்து வருவது அபூர்வம். இங்கே அது நடந்திருக்கிறது.

கதிர்வீச்சிலும் மாற்றம் வந்திருக்கிறது. வழக்கமான எக்ஸ்ரே கதிர் முதுகில் நுழைந்து மார்பு, வயிறு வழியாக வெளியேறும். போகும் வழியில் இதயத்தையும் நுரையீரலையும் குடலையும் தொடும். புரோட்டான் கதிரோ குறித்த ஆழத்தில் நின்றுவிடும். இந்தியாவில் முதன்முதலாக 2019-இல் சென்னையிலும், பின்னர் 2023-இல் டாடா நினைவு மையத்தின் நவி மும்பை வளாகத்திலும் இச்சிகிச்சை தொடங்கியது.

பதில் கிடைக்காத இடம்

ஆம்ஸ்ட்ராங்கின் மகளுக்கு வந்ததைப் போன்ற மூளைத்தண்டுக் கட்டிகளில் கொடியது டிப்ஜி எனப்படுகிறது. சுவாசத்தையும் விழுங்குவதையும் இயக்கும் இடத்தில் நரம்புகளுக்குள் ஊடுருவிப் பரவுவதால் அதை வெட்டி எடுக்க முடியாது. கதிர்வீச்சு சில மாதங்கள் நிம்மதி தரும். பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டு அளவிலேயே இறந்துவிடுகிறார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகும் நிலைமை இதுதான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனாலும் சிறிது வெளிச்சம் தெரிகிறது. அது வந்த வழியை நாம் அறிய வேண்டும். வெட்டி எடுக்க முடியாத கட்டி என்பதால் ஆய்வுக்கூடத்தில் அதை வைத்துப் படிக்கவே வழியில்லாமல் இருந்தது. தங்கள் பிள்ளை இறந்தபின் அந்தக் கட்டியை ஆராய்ச்சிக்காகக் கொடுக்கப் பெற்றோர் சிலர் முன்வந்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவர் மிஷல் மோன்ஜே அந்தச் செல்களை வளர்த்து ஆராய்ந்தார். அவற்றின் மேற்பரப்பில் ஜிடி2 என்ற பொருள் நிறைந்திருப்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்டார்கள். நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, ஜிடி2-ஐத் தேடிப்போய்த் தாக்கும்படி மாற்றி, மீண்டும் உடலில் செலுத்தினார்கள். 2024-இல் வெளியான முடிவில், சிகிச்சை பெற்ற 11 பேரில் ஒன்பது பேர் பயனடைந்தார்கள். நால்வரின் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. ஒருவருக்குக் கட்டியே தெரியாமல் போனது. இதே ஜிடி2-ஐக் குறிவைத்து, நியூரோபிளாஸ்டோமா என்ற இன்னொரு குழந்தைப் புற்றுநோய்க்கு உரோமையில் திருப்பீடத்துக்குச் சொந்தமான குழந்தை இயேசு மருத்துவமனை சிகிச்சை தந்து, 27 பேரில் 63 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்ததாக 2023-இல் அறிவித்தது.

பதினொரு பேரில் ஒருவர் என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த ஒருவருக்குப் பின்னால், தங்கள் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தும், வேறொருவர் பிள்ளைக்காகக் கையெழுத்திட்ட தாய் தந்தையர் நிற்கிறார்கள். நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியை நாம் எத்தனையோ மறையுரைகளில் விளக்கியிருக்கிறோம். அந்தப் பெற்றோர் அதை மறையுரை இல்லாமலே விளக்கிவிட்டார்கள். இறந்தபின் உறுப்புகளைத் தானம் செய்வதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் வெளியிட்ட சுற்றுமடலில் போற்றியிருக்கிறார். இதில் பாவம் ஏதும் இல்லை என்று தயங்குவோருக்கு நாம் தெளிவாகச் சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2025 ஆகஸ்டில் டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையின் நடுப்பகுதியில், ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றத்தோடு பரவும் கட்டிகளுக்கு, ஒரு வயது முதல் தரக்கூடிய மருந்து இது. கொடிய மூளைக் கட்டிக்கு மருந்து வந்துவிட்டது என்று செய்தி பரவினால், ஒவ்வொரு பெற்றோரின் நெஞ்சும் துடிக்கும். ஆனால் அனுமதிக்கு அடிப்படையாக இருந்த 50 பேரில் கட்டி சுருங்கியது 22 விழுக்காட்டினருக்குத்தான். அந்த 50 பேரில் டிப்ஜி நோயாளிகள் சேர்க்கப்படவும் இல்லை. நல்ல செய்திதான், ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிலத்தை விற்கக் கிளம்பக் கூடாது. கைப்பேசியில் வரும் செய்தியை நோயாளியின் வீட்டுக்கு அனுப்பும் முன், இது யாருக்கான மருந்து, எத்தனை பேரிடம் ஆராய்ந்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

எந்த ஊரில் பிறந்தாய்?

உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வளமான நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 விழுக்காடுகூட இல்லை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நோய் ஒன்றுதான், உடலும் ஒன்றுதான். பிறந்த இடம் மட்டுமே வேறு. 2030-க்குள் எல்லா நாடுகளிலும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்ற இலக்கோடு அந்நிறுவனம் 2018-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2021-இல், நாம் முதலில் சொன்ன புனித யூதா மருத்துவமனையோடு சேர்ந்து, ஏழை நாடுகளுக்குப் புற்றுநோய் மருந்துகளை விலையின்றித் தரும் ஏற்பாட்டையும் அறிவித்தது. 2025-இல் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் முதல் மருந்துகள் போய்ச் சேர்ந்தன. ஒரு நடிகரின் நேர்ச்சை எத்தனை தூரம் பயணம் செய்திருக்கிறது, பாருங்கள்!

இந்த இடைவெளிக்குப் புதிய மருந்து இல்லாதது மட்டும் காரணம் அல்ல. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவது, சிகிச்சைக்குப் பின் கவனிக்காமல் விடுவது ஆகிய மூன்றும் பெரிய காரணங்கள். இந்த மூன்றுக்கும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. நாம் போதும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, அறிகுறிகளை அறிவோம். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், திடீரென வந்த மாறுகண் அல்லது இரட்டைப் பார்வை, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருத்தல், கைக்குழந்தையின் தலை அளவுக்கு மீறிப் பெரிதாதல், வலிப்பு, காரணம் தெரியாத குணமாற்றம். இவை சில வாரம் நீடித்தால் பித்தம் என்றும் திருஷ்டி என்றும் பள்ளிக்குப் போகப் பயந்து நடிக்கிறான் என்றும் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனாலும் கேட்பதில் தவறில்லை. இங்கிலாந்தில் 2011-இல் இந்த அறிகுறிகளை மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் எடுத்துச் சொல்லும் பரப்புரையைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் நோயைக் கண்டுபிடிக்க ஆகும் காலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் மறைக்கல்வி ஆசிரியர்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் இதை ஒரு கூட்டத்தில் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, சிகிச்சையைப் பாதியில் விடாதபடி துணைநிற்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்றவை மருத்துவச் செலவைத் தாங்கலாம். ஆறு வாரம் நகரத்தில் தங்கும் செலவு, தந்தை இழக்கும் கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளின் சாப்பாடு இவற்றை எந்த அட்டையும் தராது. வின்சென்ட் தே பவுல் சபையும் பெண்கள் பணிக்குழுவும் கைகொடுக்க வேண்டிய இடம் இது. முடி கொட்டுகிறது, குழந்தை வாடுகிறது என்று கண்டு, "ஊசியை நிறுத்திவிடு, செபம் போதும்" என்று யாராவது சொன்னால், அது விசுவாசம் அல்ல. மருத்துவரின் அறிவும் இறைவன் தந்த கொடைதான். மருத்துவமனைக்கும் போவோம், மன்றாடவும் செய்வோம்.

மூன்றாவது, பிழைத்து வந்த குழந்தைக்கு இடம் கொடுப்போம். அதிலும் நம் பள்ளிகளில். முன்வரிசையில் உட்கார வைப்பது, தேர்வில் கூடுதல் நேரம் தருவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது, காதுக் கருவி மாட்டியிருக்கிறாளா என்று காலையில் ஒரு முறை பார்ப்பது. இவ்வளவுதான். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. கேட்கும் திறன் குறைந்தவர்களும் கற்றலில் சிரமப்படுபவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். சட்டம் வந்த பிறகும் ஒரு சிறுமி வகுப்பில் 'மக்கு' என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தால், அந்தப் பெயர் நமக்குத்தான் பொருந்தும்.

அந்தத் தாயிடம் நாம் அன்று உருப்படியான பதில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியையிடம், கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதை நமக்குத் தெரிந்த அளவில் எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டார். "இது எங்களுக்கு யாருமே சொல்லலையே ஃபாதர்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து சிறுமி முன்வரிசையில் உட்காருகிறாள். அவளுடைய உயரம் இதனால் கூடப்போவதில்லை. ஆனால் இப்போது பள்ளிக்குப் போக அழுவதில்லை என்கிறார் தாய்.

மாற்கு நற்செய்தியில் யாயிரின் பன்னிரண்டு வயது மகளை இயேசு எழுப்பும் நிகழ்ச்சியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். சிறுமி எழுந்து நடக்கிறாள். அங்கிருந்தவர்கள் மலைத்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஆண்டவர் நினைவுபடுத்திய ஒன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொல்கிறார். உயிர் திரும்பியதோடு வேலை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. எழுந்த குழந்தைக்குப் பசிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வாளர்கள் குழந்தைகளை எழுப்பும் வழியைத் தேடுகிறார்கள். எழுப்பும்போது காயம் குறையவும் வழி தேடுகிறார்கள். அவர்களுக்காக மன்றாடுவோம். எழுந்து நம்மிடம் வரும் குழந்தைக்குச் சாப்பிடக் கொடுப்பது நம் வேலை.